தலையணையும் செயற்கைக் காலும்

உம்மம்மாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வாரங்கள் கழிந்திருந்தன. கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் எஞ்சியிருந்த காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். முழங்கால் முழுதாக நிமிரவில்லை.

"கீழே தலையணை வைக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

உம்மா பெருமையோடுதான் பதில் சொன்னார். "ஓம், இரவு பகலா வைக்கிறம். ரெண்டு தலையணை."

வீட்டிலிருந்த ஆக மெத்தென்ற தலையணைகள் அவை. அவற்றை வைத்தால் உம்மம்மாவுக்கு வலி குறைந்தது, அவர் தூங்கினார். ஆனால் அந்தத் தலையணைகள்தான் அவரை இனி நடக்கவிடாமல் செய்யப் பார்த்தன என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

காரணம் இதுதான். தொடையின் பின்புறத்துத் தசைகள் முழங்காலைத் தாண்டிக் கீழே வந்து பொருந்துகின்றன. முழங்கால் நாட்கணக்கில் மடிந்தே இருந்தால் அத்தசைகள் அந்த நீளத்துக்கே பழகிச் சுருங்கிவிடும். மூட்டைச் சுற்றியுள்ள இழையங்களும் இறுகிவிடும். காலின் கீழ்ப்பகுதி இருந்தால் அதன் பாரமே முழங்காலை நீட்டப் பெரிதும் உதவும். அது போன பின்பு இழுத்து நிமிர்த்த ஒன்றுமில்லை. செயற்கைக் காலின் உறைக்குள் எஞ்சிய கால் நேராக இறங்கவேண்டும். முழங்கால் அதிகம் மடங்கி நின்றுவிட்டால், எவ்வளவு நல்ல செயற்கைக் கால் செய்தாலும் அதில் ஊன்றி நடப்பது பெரும்பாடு.

தலையணையை எடுத்துவிட்டு, நாளுக்குச் சில தடவைகள் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். இடுப்பும் முழங்காலும் நேராக வருவதற்கு அதைவிட எளிய வழி இல்லையாம். முதல் வாரம் உம்மம்மா அழுதார். உம்மாவும் பக்கத்து அறையில் இருந்து அழுதார். வலிக்கிறதென்று விட்டுவிடுவோமா என்று வீட்டில் ஒருநாள் வாக்குவாதமே நடந்தது. வலியைக் குறைப்பதுதான் அன்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் அது எப்போதும் சரிவருவதில்லை.

கட்டும் அப்படித்தான். எஞ்சிய காலை இழுபடும் துணியால் எட்டுப் போலக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றவேண்டும். நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றினால்தான் வீக்கம் மேல்நோக்கி வடியும். மேலே இறுக்கிவிட்டால் நுனி பலூன் போல வீங்கிவிடும். நாளில் பல தடவைகள் அவிழ்த்து மீண்டும் கட்டவேண்டும். எங்கள் வீட்டில் அதை ஒழுங்காகக் கட்டப் பழகியது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கைதான்.

கால் ஏன் போனது என்பதையும் சொல்லவேண்டும். நீரிழிவு முதலில் பாதத்து நரம்புகளின் உணர்வைக் குறைக்கிறது. செருப்பு வார் உரசிக் கொப்புளம் வந்தாலும் நோவதில்லை. நோகாத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருப்பதால் அந்தப் புண் ஆறுவதில்லை, அழுகத் தொடங்குகிறது. உம்மம்மாவுக்கு மிஞ்சியிருக்கும் வலது பாதத்தை இப்போது தினமும் இரவில் ஒருவர் பார்க்கிறோம், விரல் இடுக்குகள் உட்பட. உங்கள் வீட்டிலும் நீரிழிவுள்ளவர் இருந்தால் இன்றிரவே தொடங்கலாம். ஐந்து நிமிட வேலை.

காலை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்ன அன்று உம்மம்மா மறுத்துவிட்டார். அவரைச் சம்மதிக்க வைத்தது உர்வா இப்னு அஸ்ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு. ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன். மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களில் ஒருவர். கலீஃபா வலீதைச் சந்திக்க டமஸ்கஸ் சென்ற பயணத்தில் அவருடைய காலில் அழுகல் நோய் கண்டது. மயக்கம் தரும் பானத்தை மறுத்து, இறைவனை நினைவுகூர்ந்தபடியே காலை வெட்டிக்கொள்ள இடங்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இந்தக் கதையை நாம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் மதீனாவுக்குத் திரும்பிவந்து மீண்டும் கற்பித்தார் என்ற பகுதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் காலத்தில் இதே பாதையில் நடந்து அதைப் பலமுறை வெளிப்படையாகப் பேசியவர் சுதா சந்திரன். மும்பையில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர். 1981 மே மாதம் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நடந்த பஸ் விபத்தில் அவருடைய வலது கால் முறிந்தது. முறிவு பெரிதல்ல. ஆனால் புண்ணில் அழுகல் ஏற்பட்டதால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டி வந்தது. அப்போது அவர் பதின்ம வயதுப் பெண். ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் செய்யும் வைத்தியர் ஒருவரைப் பற்றிச் சஞ்சிகையில் படித்து அங்கே போனார். மீண்டும் ஆடப் பழகியபோது எஞ்சிய காலில் இரத்தம் கசிந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1984 ஜனவரியில் மும்பையில் மேடையேறினார். அடுத்த ஆண்டு அவருடைய கதை ‘மயூரி’ என்ற தெலுங்குத் திரைப்படமாக வந்தது. நடித்தவரும் அவரே.

அவர் தேடிப்போன வைத்தியர் பி. கே. சேத்தி, ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையின் என்புச் சத்திரசிகிச்சை நிபுணர். ஆனால் அந்தக் காலின் கதை ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர் இல்லாமல் முழுமையாகாது. அதிகம் படிக்காதவர், சிற்ப வேலை தெரிந்தவர். இருவரும் சேர்ந்து 1960களின் இறுதியில் உருவாக்கியதே ஜெய்ப்பூர் கால். அதற்கு முன் கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைக் காலுக்குக் கணுக்கால் மடியாது, சப்பாத்து இல்லாமல் அணியவும் முடியாது. கதிரையில் இருந்து வேலை செய்யும் ஊருக்கு அது போதும். நிலத்தில் குந்துகிற, சப்பணமிட்டு இருக்கிற, வயல் சேற்றில் இறங்குகிற, வெறுங்காலோடு பள்ளிவாசலுக்குள் நுழைகிற மனிதருக்கு அது எதற்கு? பலர் அதை வாங்கி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள்.

ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது. உள்ளே குதிக்காலிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை, வெளியே டயருக்குள் இருக்கும் நூல்வலையும் தோல் நிற ரப்பரும். எல்லாவற்றையும் அச்சில் இட்டுச் சூட்டில் ஒன்றாக இறுக வைக்கிறார்கள். மரக்கட்டை சிறிதாக இருப்பதால் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. நனையலாம், சேறு படலாம், வெறுங்காலாக நடக்கலாம்.

இந்தத் தொழில்நுட்பம் யாழ்ப்பாணத்துக்கு 1987இலேயே வந்துவிட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டில் இங்கே தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் நிலையம், கண்ணிவெடியிலும் ஷெல் வீச்சிலும் கால் இழந்தவர்களை நிமிர்த்தி நடக்கவிட்டது. அந்த நிலையம் தொடங்கி மூன்று ஆண்டுகளில், 1990 ஒக்டோபரில், எமது சமூகம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பிய எங்கள் குடும்பத்துக்கு இப்படியொரு இடம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. செயற்கைக் காலுக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தோம்.

காலைச் செய்வதற்கு முன் எஞ்சிய கால் வடிய வேண்டும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பிறகு பிளாஸ்டரில் அச்செடுத்து உறை செய்வார்கள். உறைதான் முக்கியம், பாதமல்ல. உடம்பின் பாரம் நுனியில் படாமல் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயுள்ள தசைநாரிலும் பக்கங்களிலும் பகிரப்படும்படி அதை வடிவமைக்கிறார்கள். கொஞ்சம் பிசகினாலும் தோல் உரியும்.

இந்தக் காத்திருப்பு மாதங்களில் எங்களைப் பயமுறுத்தியது வேறொன்று. ஓரிரவு உம்மம்மா எழுந்திருந்து, இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது என்றார். புத்தி தடுமாறுகிறதோ என்று மாமி கண்கலங்கினார். அது தடுமாற்றமல்ல. காலை இழந்தவர்களில் மிகப் பலர் இதை உணர்கிறார்கள். கால் போனாலும் அதற்கென்று மூளையில் ஒதுக்கப்பட்ட இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கும் அவயவத்தின் பிம்பம், இழந்த அவயவம் இருக்கவேண்டிய இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்து அசைக்கச் சொன்னார். சிலருக்கு வலி தணிந்தது. உம்மம்மா எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் முயன்று பார்த்துவிட்டுச் சிரித்தார். வலி குறைந்ததோ இல்லையோ, தனக்குப் பைத்தியமில்லை என்று தெரிந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

முதல் நாள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றார். நான்காம் நாள் எட்டு அடி. ‘சோம்பல் பிடிச்சுப்போச்சு’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். சோம்பல் அல்ல அது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் அதே தூரத்தை நடக்கச் சாதாரண ஆளைவிடக் கால்வாசியோ அதற்கு மேலோ கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறார். வயதும் நீரிழிவும் சேர்ந்தால் இன்னும் அதிகம். "இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று ஓடிவருவதை நாங்கள் பற்களைக் கடித்துக்கொண்டு நிறுத்தினோம். தண்ணீர்க் குவளைக்காக அவர் எழுந்து நடந்த பத்து அடிகள்தான் அன்றைய பயிற்சி.

அவருக்கு மனதில் இருந்த ஒரே கவலை தொழுகை. நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற சலுகை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. கதிரையில் தொழத் தொடங்கினார். இப்போது நிலையில் நிற்கிறார், ருகூவும் செய்கிறார். சுஜூதிலிருந்து எழும்பத்தான் கதிரையைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. உளூச் செய்யும்போது செயற்கைக் காலை என்ன செய்வது என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டோம். மற்றவர்களும் அப்படிக் கேட்டுக்கொள்வதே நல்லது.

கால் கிடைத்ததோடு அலைச்சல் முடியவில்லை. எஞ்சிய கால் முதல் ஆண்டு முழுவதும் சுருங்கிக்கொண்டே போகும், உறை தளரும். தளரும்போது உள்ளே இன்னொரு காலுறையைச் சேர்த்து அணியவேண்டும். உம்மம்மா இப்போது மூன்று காலுறைகள் போடுகிறார். புதிய அச்செடுக்க அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறார்கள்.