மோடத்துக்குக் கட்டளை: லைனைத் துண்டிக்கவும் சொல்ல வேண்டும்



கடைக்குப் புதுப் பையன் வந்தால், நம்பரைப் போடுவது, பேசுவது, முடிந்ததும் ரிசீவரை வைப்பது என எல்லாவற்றையும் சொல்லித் தருகிறோம். டெலிபோன் லைன் வழியே இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கும் மோடமும் அந்தப் பையன் மாதிரிதான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

1998-ல் எங்கள் வெளியூர்க் குடோனின் சரக்கிருப்பை மோடம் மூலம் இரவில் சரிபார்த்து வந்தோம். இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறைவு. ஒருநாள் வேலை முடிந்ததும் குமாஸ்தா திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். லைன் விடியும்வரை ஓடியது. பில் வந்த பிறகுதான் கட்டளைகளை உட்கார்ந்து படித்தேன்.

இவை 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்துடன் வந்தவை. பின்னர் மற்ற கம்பெனிகளும் இவற்றையே பின்பற்றின. ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் 'அட்டென்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளில் தொடங்கும். அதற்குப் பின் வருவதுதான் வேலை.

டயல் செய்ய: 'டயல்' என்பதன் முதலெழுத்தும் நம்பரும். நடுவில் கமா போட்டால் வழக்கமாக 2 விநாடி நின்று மேலே டயல் செய்யும். வெளி லைனுக்கு முதலில் 0 போட வேண்டிய ஆபீஸ்களில் இது உதவியது.

போனை எடுக்க: 'ஆன்சர்' என்பதன் முதலெழுத்து. தானாக எடுக்க வேண்டுமானால் 'எஸ்-0' என்பதில் மணிகளின் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும். 2 என்றால் இரண்டாம் மணியில் எடுக்கும். 0 என்றால் எடுக்காது. கடைக்கு ஒரே லைன் இருந்தால் பகலில் 0 வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் ஆர்டர் சொல்லக் கூப்பிட்டவர் காதில் கீச்சொலிதான் கேட்கும்.

துண்டிக்க: இங்கேதான் நாங்கள் தவறினோம். இணைப்பில் இருக்கும்போது எதைத் தட்டினாலும் மோடம் அதை எதிர்முனைக்கு அனுப்பிவிடும். ஆகவே ஒரு விநாடி சும்மா இருந்து, மூன்று கூட்டல் குறி போட்டு, மறுபடி ஒரு விநாடி பொறுக்க வேண்டும். அப்போதும் லைன் அறுபடாது. மோடம் நம் பேச்சைக் கேட்கத் தயாராகிறது, அவ்வளவே. பிறகு 'ஹேங் அப்' கட்டளை கொடுத்து, 'ஓகே' என்ற பதிலைப் பார்த்த பின்தான் எழ வேண்டும்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். சிம் போட்ட ஸ்வைப் மெஷின்கள் பலவற்றினுள் இன்றும் ஒரு சிறு மோடம் இதே வகைக் கட்டளைகளில்தான் இயங்குகிறது. பதிலைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது என்ற பாடமும் மாறவில்லை. பணம் எடுக்கும்போது சிக்னல் போய்விட்டால் அவசரப்பட்டு மறுபடி கார்டைத் தேய்க்காதீர்கள். வாடிக்கையாளரின் செல்லுக்கு வந்த செய்தியையும் மெஷினின் கணக்கையும் முதலில் பாருங்கள். பணம் பிடிக்கப்பட்டும் நம் மெஷினுக்கு உறுதி வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி அது 5 நாட்களுக்குள் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் கல்லாவில் சண்டை வராது.