சிறுநீரகக் கட்டிக்குள் சோர்ந்த படை

அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நீலப் பரப்பில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிடி8 டி செல். புற்றுச் செல்லைத் தேடிப்போய்க் கொல்லும் வெள்ளையணு வகை அது.

பெருங்குடல் புற்றுநோய் என்றால், புள்ளிகள் நெருக்கமாக இருப்பது நல்ல சேதி. பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் 2006-இல் இதைக் காட்டினார்கள். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற வழக்கமான கணக்கைவிட, டி செல்களின் வகையும் அடர்த்தியும் அவை நிற்கும் இடமும் நோயாளியின் வருங்காலத்தைத் துல்லியமாகச் சொல்லின.

சிறுநீரகத்தில் இது தலைகீழ். சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு 'கிளியர் செல்' வகை. அந்தக் கட்டிக்குள் டி செல்கள் மொய்த்துக் கிடந்தால், நோயாளியின் நிலை பெரும்பாலும் மோசமாகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 2001-லேயே இதைப் பதிவு செய்தார்கள். காவலுக்கு ஆள் கூடக்கூடத் திருட்டும் கூடுவதைப் போன்ற இந்தப் புதிர்தான், சிறுநீரகப் புற்றுநோயைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

விடை எண்ணிக்கையில் இல்லை, அந்தச் செல்களின் நிலையில் இருக்கிறது. நாள்கணக்கில் எதிரியோடு மல்லுக்கட்டிய டி செல் மெல்லச் சோர்ந்துபோகிறது. அதன் மேற்பரப்பில் பிடி-1, லேக்-3 போன்ற 'பிரேக்' புரதங்கள் முளைக்கின்றன. அது கட்டிக்குள்தான் நிற்கிறது, ஆனால் கொல்வதில்லை. டி செல்லுக்கு எதிரியை அடையாளம் காட்டிப் பழக்கும் டென்ட்ரிடிக் செல்கள் முதிர்ச்சி அடைந்து பக்கத்தில் இருந்தால், அதே டி செல் கூட்டம் நோயாளிக்கு நன்மை செய்கிறது. அவை இல்லாதபோதுதான் தீமை. பாரிஸ் ஆய்வாளர்களே 2015-இல் இதையும் காட்டினார்கள். நோய் முற்ற முற்றச் சோர்ந்த டி செல்களும், அவற்றை மேலும் அடக்கி வைக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் வேறு வகை வெள்ளையணுக்களும் சேர்ந்து பெருகுவது 2021-இல் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் தெரியவந்தது.

பிடி-1 என்னும் பிரேக்கை அழுத்தும் கால், புற்றுச் செல்லில் இருக்கும் பிடி-எல்1 புரதம். அது அதிகம் உள்ள சிறுநீரகப் புற்றுநோயாளிகள் அந்நோயால் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்று 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு சொன்னது. அப்படியானால் அந்தக் காலைத் தட்டிவிடும் மருந்து, பிடி-எல்1 அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்தானே கேட்க வேண்டும்? 821 நோயாளிகளிடம் அந்த வகை மருந்தான நிவோலுமாபைச் சோதித்து, 2015-இல் முடிவு வந்தது. பழைய மருந்தான எவரோலிமஸ் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 19.6 மாதம், நிவோலுமாப் பெற்றவர்களுக்கு 25 மாதம். பிடி-எல்1 இருந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது, இல்லாதவர்களுக்கும் கிடைத்தது.

இங்கேதான் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் எப்படிப் போகும் என்பது ஒன்று. இந்த மருந்து இவருக்குக் கேட்குமா என்பது வேறொன்று. பிடி-எல்1 முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு, இந்த நோயில், கைவிரிக்கிறது. செய்திகளில் 'புதிய மூலக்கூறு அடையாளம் கண்டுபிடிப்பு' என்று வரும்போதெல்லாம், இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம் 2013-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுநீரகக் கட்டிகளின் மரபணு விவரங்களை உலகத்துக்கே திறந்து வைத்தது. அருமையான கொடை. அதன்பின் நோய் எதிர்ப்பு மரபணுக்களில் ஒரு கைப்பிடியைப் பொறுக்கி, நோயின் போக்கைக் கணிக்கும் 'கையொப்பம்' என்று வெளியான கட்டுரைகள் ஏராளம். பலவும் இதே தரவைக் கடைந்தவை. வேறொரு ஊரின் நோயாளிகளிடம் சோதிக்கும்வரை, ஒரு கையொப்பம் வெறும் யூகம்தான். "திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்பவருக்கு யூகத்தைக் கொடுக்கக் கூடாது.

நோய் பரவியவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் நம்புவது, 2009-இல் உருவான ஆறு கேள்விகளை. நோயாளி எவ்வளவு நடமாட்டத்தோடு இருக்கிறார், நோயைக் கண்டறிந்து ஓராண்டுக்குள்ளேயே மருந்து தேவைப்பட்டதா, ஹீமோகுளோபின் குறைவா, கால்சியம் அதிகமா, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு அதிகமா, பிளேட்லெட் அதிகமா. கடைசி இரண்டைப் பாருங்கள். உடல் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியின் அடையாளம் அவை. சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே நோய் எதிர்ப்பாற்றலின் குரல் பதிவாகியிருக்கிறது.

அடுத்து வரக்கூடிய அடையாளமும் ரத்தத்திலிருந்தே வரலாம். அதன் பெயர் கிம்-1. சிறுநீரகம் காயப்படும்போது வெளிப்படும் இந்தப் புரதத்தைக் கட்டியும் ரத்தத்தில் உதிர்க்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க 778 பேரிடம் அட்டிசோலிசுமாப் மருந்தைச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாக அது தோற்றது. ஆனால் சேமித்து வைத்த ரத்தத்தை மறுபடி ஆராய்ந்தபோது, கிம்-1 அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து பலன் தந்ததுபோல் தெரிந்தது. சோதனை முடிந்தபின் கண்ட பலன் இது. அடுத்து, சிகிச்சை தொடங்கும் முன்பே கிம்-1 அளவைப் பார்த்து நோயாளிகளைப் பிரித்து, புதிதாகச் சோதிக்க வேண்டும்.