பிறக்கும் முன் ஓடும் குருதி

தாயின் குருதி கருவிலுள்ள பிள்ளையின் உடலுக்குள் பாய்வதில்லை. பிள்ளை தன் குருதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கருத்தரித்த நான்காம் வாரத்திலேயே அதன் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். இரு குருதிகளும் நச்சுக்கொடியில் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் ஓடுகின்றன. ஒட்சிசனும் உணவும் பிள்ளைக்கு வருவதும், கழிவு வெளியேறுவதும் அந்தச் சவ்வின் வழியாகத்தான்.

நச்சுக்கொடியைப் பிள்ளையோடு இணைக்கும் தொப்புள்கொடியில் ஒரு நாளமும் இரண்டு நாடிகளும் உண்டு. ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டுவருவது நாளம். அதில் ஒரு பங்கு ஈரலுக்குள் சுற்றாமல், தேயிலை மலையில் மழைநீரைத் திருப்பிவிடும் கான் போன்ற ஒரு குறுக்குவழியால் நேரே இதயத்தை அடைகிறது. அங்கே வலது, இடது சோணையறைகளுக்கு நடுவே ஒரு துளை திறந்திருக்கிறது. நல்ல குருதியின் பெரும்பகுதி அதன் வழியே இடப்பக்கம் போய், முதலில் இதயத் தசைக்கும் மூளைக்கும் கிடைக்கிறது. கருவின் உடலமைப்பில் மிகவும் வியப்புக்குரிய ஏற்பாடு இதுவே.

தலையிலிருந்து திரும்பும் குருதி வலது இதயவறைக்குச் செல்கிறது. நுரையீரல் அப்போது திரவம் நிறைந்து, குருதியை எளிதில் உள்ளே விடாது. ஆகவே பெரும்பகுதி, நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் நாடிக்கான் வழியாக உடலின் கீழ்ப்பகுதிக்கும், அங்கிருந்து தொப்புள் நாடிகளால் நச்சுக்கொடிக்கும் போய்விடுகிறது.

மலைநாட்டில் பிள்ளைக்கு ஒட்சிசன் போதுமா என்று கேட்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனாலும் கருவின் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பெரியவர்களுடையதைவிட இறுகப் பற்றும். இந்த உயரத்தைக் கரு தாங்கிக்கொள்ளும். தாயின் குருதிச்சோகையும் போதாத உணவுமே பெரிய கவலை. இலங்கையில் நிறை குறைந்து, அதாவது 2,500 கிராமுக்குக் கீழ், பிறக்கும் பிள்ளைகளின் விகிதம் தோட்டப்புறங்களில் கூடுதல். கொழுந்து பறிக்கும் கர்ப்பிணித் தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரையும் திரிபோஷா சத்துமாவும் ஓய்வும் சலுகைகள் அல்ல, அவசியங்கள்.

பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் நுரையீரல் விரிகிறது. குருதி அதற்குள் பாய்கிறது. இடது சோணையறையில் அழுத்தம் கூடி, துளையின் மடல் மூடிக்கொள்கிறது. நாடிக்கான் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி அடைபடும். குறைமாதப் பிள்ளைகளில் அது சில வேளை திறந்தே இருந்துவிடும். பால் குடிக்கையில் பிள்ளை களைத்து வியர்த்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, நாக்கும் உதடும் நீலம் பாய்ந்தாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.