விழுந்த உடனே எழுந்து ஓடும் உடம்பு... தெரியுமா?

100 கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் ஓடிவந்து உங்கள் மேல் மோதினால் என்ன ஆகும்? ஒரே ஆட்டத்தில் இப்படி 40 தடவை நடந்தால்? ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக்கில், நடுக்களத்தைக் காக்கும் முன்வரிசை வீரர்களுக்கு இது வாராவாரம் நடக்கிற சங்கதி! முகக்கம்பி போட்ட தலைக்கவசம்கூடக் கிடையாது!

மோதலைவிட அதற்கு அடுத்த நொடிதான் கொடுமை, தெரியுமா? எதிராளியை மடக்கிக் கீழே சாய்த்தாயிற்று. அப்பாடா என்று படுத்துக் கிடக்க முடியாது! உடனே எழுந்து 10 மீட்டர் பின்னால் ஓட வேண்டும். பந்து நகர்ந்ததும் மறுபடி முன்னால் பாய வேண்டும். மறுபடி மடக்கு, மறுபடி எழு, மறுபடி ஓடு! பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு முறை மடக்கப்படும் வரை வாய்ப்பு உண்டு. ஆறும் முடியும்வரை காக்கும் அணிக்கு மூச்சு வாங்க நேரமில்லை. ஆட்டமோ 80 நிமிடம்! அதில் 8 வீரர் மாற்றுகள்தான் செய்யலாம்!

அதனால்தான் பயிற்சியும் அப்படியே! தரைவிரிப்பில் மல்லுக்கட்டு, மூச்சிரைக்க எழுந்ததும் ஓட்டம், திரும்பி வந்தால் மறுபடி மல்லுக்கட்டு! மெல்போர்ன் ஸ்டார்ம் அணி இதைக் கற்றுத்தர ஜான் டோனஹ்யூ என்ற ஜியு-ஜிட்சு ஆசானையே அழைத்து வந்தது. எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட, களைத்த பிறகும் எத்தனை முறை எழுகிறார் என்பதே இங்கே பலம்!

இப்படி 10,000 முறை மடக்கிய முதல் என்.ஆர்.எல். வீரர் யார் தெரியுமா? பாராமட்டா அணியின் நேதன் ஹிண்ட்மார்ஷ்!

வீரர்களின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே தீப்பெட்டி போல ஒரு சின்னப் புடைப்பு தெரிகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது ஜி.பி.எஸ். கருவி! நொடிக்கு 10 முறை இடத்தைக் குறிக்கிற கருவி என்றால், 80 நிமிடத்துக்கு 48,000 பதிவுகள்! அதுவும் ஒரே ஒரு வீரருக்கு!

சாப்பாடு? இங்கிலாந்தின் சூப்பர் லீக் வீரர்களை வைத்து அளந்து பார்த்தபோது, நாளொன்றுக்கு அவர்கள் எரித்தது 5,000 கலோரிக்கும் மேல்! இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால் 100 இட்லி!

பின்தொடைத் தசை கிழியாமல் காக்கும் ஒரு பயிற்சிக்குக் கருவியே வேண்டாம், நம்ப முடிகிறதா? மண்டியிட வேண்டும். நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான்! பல விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இது பின்தொடைக் காயங்களைப் பாதியளவு குறைத்திருக்கிறது!

ராட்சத உடம்பு இருந்தால்தான் முடியுமா? ஆலன் லேங்கரின் உயரம் 165 சென்டிமீட்டர்தான்! பிரிஸ்பேன் அணிக்குத் தலைமையேற்று நான்கு பட்டங்கள் வென்றார். 2001-இல், 34 வயதில், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டு குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு, மாநிலங்களுக்கிடையிலான தொடரையே வென்று தந்தார்!

ஜிம் இல்லாத காலத்தில்? 1895-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகர விடுதியொன்றில் இந்த விளையாட்டு பழைய ரக்பியிலிருந்து பிரிந்து தனிவழி கண்டபோது, ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். நிலக்கரி வெட்டிய கைகளுக்குத் தனியே எடைப் பயிற்சி எதற்கு!

வலியைத் தாங்கும் உறுதியோ? 1970 சிட்னி இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சவுத் சிட்னி தலைவர் ஜான் சாட்லரின் தாடை உடைந்தது. வெளியேறினாரா? இல்லை! மீதி 70 நிமிடத்துக்கும் மேல் ஆடி, 23-12 என்று கோப்பையை வென்றார்! 44 ஆண்டு கழித்து, அதே அணியின் சாம் பர்ஜஸ் கன்ன எலும்பு உடைந்தும் முழு ஆட்டமும் ஆடி, ஆட்ட நாயகன் பதக்கம் பெற்றார்!

படிக்கவே மெய்சிலிர்க்கிறது. ஆனால் தலையில் அடி என்றால் அந்த வீரம் வேண்டவே வேண்டாம்! மூளை அதிர்ச்சி உறுதியான வீரர் பொதுவாக 11 நாள் களமிறங்கக் கூடாது என்று 2023-இல் என்.ஆர்.எல். விதி கொண்டுவந்தது.