உத்தியோகமா, ஊழியமா?

சர்க்கார் உத்தியோகத்தின் மதிப்பு யாது, இனி அதன் கதி யாது என்று அறிய விரும்புவோர் கோட்டைக்குச் செல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில், திண்டிவனத்துக்குச் சற்று வடக்கேயுள்ள ஒலக்கூரில் இறங்கினாலே போதும். ஏரிப் பாய்ச்சலையும் மணிலாக் கொட்டைச் சாகுபடியையும் நம்பி வாழும் அந்தப் பக்கத்துக் குடியானவனுக்குச் சர்க்கார் என்பது மந்திரியல்ல, கலெக்டருமல்ல. அவனுடைய சிட்டாவையும் அடங்கலையும் பார்க்கும் கிராம உத்தியோகஸ்தரே அவனுக்குச் சர்க்கார்.

அந்த உத்தியோகம் நெடுங்காலம் பிதுரார்ஜிதச் சொத்தாகவே இருந்து வந்தது. கர்ணத்தின் மகன் கர்ணம். மணியக்காரரின் மகன் மணியக்காரர். ஊர்க் கணக்கு ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. நேர்மையான கர்ணங்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த நேர்மை மனிதருடைய சுபாவத்தைப் பொறுத்திருந்ததேயொழிய, முறையைப் பொறுத்திருக்கவில்லை. பரம்பரை பாத்தியதையைக் கொண்டு பதவி அளிப்பது அரசியல் சட்டத்தின் 16-வது ஷரத்துக்கு விரோதமென்று, ஆந்திர நாட்டுக் கிராம முனிசீப் பதவி பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1960-லேயே தீர்ப்புக் கூறிற்று. தமிழ்நாட்டிலோ மேலும் இருபது வருஷம் சென்றது. 1980 நவம்பரில் பிறந்த அவசரச் சட்டம் பகுதி நேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. பிறப்பால் வந்தவரின் இடத்தில் பரீட்சையால் வந்தவர் அமர்ந்தார். தண்டோரா போட்டுக் கொண்டாடப்படாத போதிலும், கிராம வாழ்வில் இதனினும் பெரிய மாறுதல் அதிகமில்லை யென்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் பரீட்சை ஒன்றே ஊழியனை உண்டாக்கி விடுமா? மாகாணங்களுள் முதன்முதலாகச் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது சென்னையில்தான், 1929-ல். அதன் வழிவந்த கமிஷன் 2024-ல் நடத்திய நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட ஸ்தானங்கள் 6,244. மனுச் செய்தவர்களோ சுமார் 20 லட்சம் பேர். இவர்களெல்லாம் தேச சேவைக்காகத் துடிக்கிறார்கள் என்று சொன்னால் அவர்களே நகைப்பார்கள். மாதச் சம்பளமும் நிலையான வேலையுமே அவர்களை இழுக்கின்றன. அதில் குற்றம் ஒன்றுமில்லை. வேலை நிலையாயிருப்பதே ஜனங்களுக்கும் பாதுகாப்பு. ஒப்பந்தக் கூலியாகச் சர்க்கார் காரியம் பார்ப்பவன், வருஷா வருஷம் எவருடைய தயவால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறதோ அவரிடம் 'முடியாது' என்று எவ்வாறு சொல்வான்? சிக்கனத்தின் பெயரால் நிரந்தர ஸ்தானங்களைக் குறைப்பதை நாம் எதிர்ப்பது இதனாலேதான்.

'முடியாது' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இந்தப் பிரதேசத்திலேயே பிறந்தார். திண்டிவனத்தை யடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947-ல் அவர் காலத்தில் நிறைவேறின. ஜமீன் ஒழிப்புச் சட்டசபையில் நிறைவேறியது 1948-ல். இவற்றினும் அவருடைய கட்சிக்காரர் சிலருக்குக் கசந்தது வேறொன்று. சிபார்சுக் கடிதத்துக்கு அவரிடம் செலாவணி இல்லை. பதவி போனதும் அவர் வருந்தி நிற்கவில்லை. வடலூர் சென்று வள்ளலார் வழியில் தர்ம காரியங்களில் ஈடுபட்டார்.

இன்று மனுக்கள் இ-சேவை மையத்தின் கம்ப்யூட்டர் வழியே செல்கின்றன. மனு எங்கே நிற்கிறதென்று எண்ணைக் கொண்டு அறியலாம். இது நல்ல ஏற்பாடு. ஆனால் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டியவர் மனிதரே. அந்த மனிதர் பக்கத்துக் கிராமத்தின் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தால் யந்திரம் என்ன செய்யும்? மனு நிராகரிக்கப்பட்டால், எழுத்து வாசனையற்ற கிழவிக்குக் காரணம் சொல்பவர் யார்?

மத்தியப் பிரதேசம் 2010-ல் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. குறித்த தவணைக்குள் காரியத்தை முடிக்காத உத்தியோகஸ்தர் அபராதம் செலுத்த வேண்டும். கர்நாடகம் 2011-ல் அவ்வழியைப் பின்பற்றியது. அத்தகைய சட்டத்தின் பாதுகாப்பு ஒலக்கூர்க் குடியானவனுக்கும் வேண்டும். கூடவே, காலியான கிராம ஸ்தானங்கள் உடனுக்குடன் நிரப்பப்படுவதும், நிராகரிக்கப்படும் ஒவ்வொரு மனுவுக்கும் காரணம் தமிழில், விளங்கும்படி, கையெழுத்துடன் கொடுக்கப்படுவதும் அவசியம்.