வாசலும் வண்டிப்பாதையும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'பழைய வீட்டைப் புதுப்பித்துப் பார்' என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். புது வீடு கட்டுகிறவர் தம் விருப்பப்படி தொடங்கலாம். பழைய வீட்டைப் புதுப்பிப்பவரோ முன்னோர் செய்து வைத்த முடிவுகளைப் படித்தறிந்து, அவற்றோடு ஒத்துப் போக வேண்டும். அந்தப் படிப்பில் கடைசிப் பாடமாக வருவது வாசல். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

தஞ்சைப் பகுதியில் உள்ள சிற்றூர் ஒன்றில், ஓட்டு வீடு ஒன்று புதுப்பிக்கப்படுவதாக எண்ணிக்கொள்வோம். உளுத்த கைமரங்களை மாற்றியாயிற்று. ஓடு பிரித்து வேய்ந்தாயிற்று. முற்றம், கூடம், ரேழி, திண்ணை எல்லாம் சீர்பெற்றுவிட்டன. தெருவுக்கும் திண்ணைக்கும் இடையே உள்ள திறந்த நிலம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கார் வரவேண்டும், டிராக்டரும் வரவேண்டும். கையிருப்புப் பணமும் வீட்டாரின் பொறுமையும் ஒருங்கே தீர்ந்துபோன நேரம் அது. "மொத்தமாகச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் இரண்டே நாளில் முடிந்துவிடும்" என்கிறார் கொத்தனார். எல்லோரும் தலையசைத்துவிடுகிறார்கள். சிறிய முடிவாகத் தோன்றும் இது, அதுவரை செய்த வேலையையெல்லாம் வீணாக்கிவிடவும் கூடும். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

முதலில் மண்ணை அறிந்துகொள்ள வேண்டும். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து படியவைத்த வண்டல் நிலம் இது. பழைய பாசனப் பகுதியின் பெரும்பாகம் களிமண். களி நீரை உண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களிலோ மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆகவே ஓர் ஊருக்குப் பொருந்திய வாசல் மற்றோர் ஊருக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. களிமண்ணின்மேல் நேரே போட்ட சிமெண்டுத் தளம், அடியிலுள்ள மண் ஆண்டுதோறும் உப்பிச் சுருங்குவதால், சில ஆண்டுகளில் விரிசல் காணும்.

அடுத்து, சுவரை அறிந்துகொள்ள வேண்டும். இந்தச் சமவெளியில் கருங்கல் கிடைப்பதில்லை. 1010ஆம் ஆண்டில் நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. குடியானவர் வீடுகளுக்கு அது எட்டாத பொருள். ஆகவே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே இங்குள்ள பழைய வீடுகளின் உடலாக அமைந்தன. இவை ஈரத்தை ஈர்ப்பவை. ஈர்த்த ஈரத்தைக் காற்றிலே விடுபவை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. சுவரைச் சுற்றியுள்ள மண் திறந்திருந்தால் அந்த ஈரத்தின் ஒரு பகுதி மண்ணின் வழியாகவே ஆவியாகிவிடும். சுவரை ஒட்டிச் சிமெண்டால் மூடிவிட்டாலோ, ஈரத்துக்குச் சுவர் ஒன்றே வழி. அது சுவரேறி, தன்னோடு கொண்டுவந்த உப்பை வெளிப்பரப்பில் விட்டுவிட்டு உலர்கிறது. வெள்ளை பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிர்கிறது. புதுச்சுண்ணாம்பு அடித்த மறு ஆண்டே சுவரின் அடிப்பாகம் பாழாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழியோ வெள்ளையடித்தவர் தலையில் விழுகிறது!

மூன்றாவதாக மழையை அறிந்துகொள்ள வேண்டும். தஞ்சைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசல் 10 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையதென்றால் அதன் பரப்பு 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே ஆண்டு முழுவதும் அந்த வாசலில் விழும் நீர் 40,000 லிட்டர். ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்துவிட்டால் 4,000 லிட்டர். அதாவது 250 குடத்துக்கு மேல். இது கூரையிலிருந்து கொட்டும் நீரைச் சேர்க்காத கணக்கு. முழுதும் சிமெண்டிட்ட வாசலில் இந்த நீரில் பெரும்பங்கு நிலத்தில் இறங்காது, உடனே ஓடும். எங்கே ஓடும்? வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். வாட்டம் வீட்டை நோக்கியிருந்தால் திண்ணையடியில் தேங்கும்.

ஆகவே, 'எதைப் பரப்புவது?' என்பது இரண்டாம் கேள்வி. 'தண்ணீரை எங்கே அனுப்புவது?' என்பதே முதற்கேள்வி. இதை மாற்றிக் கேட்பதால்தான் பல வீடுகள் துன்புறுகின்றன.

இந்த முதற்கேள்விக்கு விடை காண்பது முன்பைவிட இன்று கடினமாகிவிட்டது. சாலை உயர்ந்துகொண்டே வருவதுதான் காரணம். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தளம் போட்டுப் போட்டு, பல தெருக்கள் வீட்டுத் தரையை எட்டிவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போடவேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த வேண்டியிருந்ததென்றால், குறையின் அளவு விளங்கும். கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை இராமானுசன் வளர்ந்த வீடு இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதனை வாங்கி நினைவு இல்லமாகக் காத்துவருகிறது. ஓட்டுக் கூரையும் திண்ணையும் உடைய எளிய வீடு அது. இத்தகைய தெருக்களில் திண்ணையை விட்டு இறங்கினால் தெருதான், தெருவே வாசல். அங்கே தெருவின் மட்டமே வீட்டின் வாழ்நாளை முடிவு செய்கிறது. முன்புறம் நிலமுள்ள வீட்டாருக்கோ, அந்த நிலம் காவற்காரன் போல நின்று உதவக்கூடியது.

இனி, வழி சொல்கிறேன். வேலை தொடங்குமுன் நீர்மட்டக் குழாய் பிடித்து, தெரு, வாசல், திண்ணையடி ஆகிய மூன்றின் மட்டங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். தெரு தாழ்ந்திருந்தால் எளிது. வீட்டிலிருந்து தெருவை நோக்கி, 50 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் வாட்டம் போதும். 10 மீட்டர் வாசலுக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம். தெரு உயர்ந்திருந்தால் வாயிலருகே சிறியதொரு மேடு அமைத்து, தெருநீர் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். உள்ளே விழும் நீரும் திண்ணையை அண்டக் கூடாது. திண்ணைக்குச் சற்று முன்னால் ஆழம் குறைந்த ஓடை ஒன்றை அமைத்து, நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம்.

அந்த ஓடை சேருமிடம் எது? தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மணற்பாங்கான இடத்தில் உடைகல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி நன்றாக உதவும். களிமண் நிலத்தில் குழி அந்தக் களியைக் கடந்து மணல் அடுக்கைத் தொட்டால்தான் பயன் உண்டு. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும் ஊர்களில் குழி தானே நிரம்பிவிடும். அங்கே கொல்லைப்புறத்துக் குட்டையோ வாய்க்காலோதான் துணை. நம் முன்னோர் வாய்க்காலைத் தூர்க்காமல் வைத்திருந்ததன் அருமை அப்போது புரியும்.

இதன் பிறகே, எதைப் பரப்புவது என்னும் கேள்வி. வாசல் முழுவதையும் மூடவேண்டிய தேவை இல்லை. வண்டிக்கு வேண்டியது சக்கரம் உருளும் இடம் மட்டுமே. 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள், ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளியில் அமைத்தால், காரும் டிராக்டரும் வரலாம். இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பு 12 சதுர மீட்டர். மீதி 28 சதுர மீட்டர் திறந்த நிலம். பட்டையின் கீழ் உள்ள களிமண்ணை ஓரடி ஆழம் அகழ்ந்து, மணலும் சரளையும் இட்டுத் திமிசு போட வேண்டும். அதன்மேல் பலகைக் கல்லோ சிமெண்டுத் தளமோ அமைக்கலாம். சிமெண்டாயின் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை இடைவெட்டு விட்டால், மண்ணின் அசைவைத் தளம் தாங்கும். பட்டைகளுக்கு நடுவே அறுகு வளரலாம். வல்லத்துப் பக்கம் கிடைக்கும் செம்மண் சரளையும் இடலாம். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குக் கூழாங்கல் மட்டும் பரப்பி, சுவருக்கு மூச்சுவிட இடம் தரவேண்டும். பேவர் பிளாக் எனப்படும் கற்களை விரும்புவோர், அவற்றின் அடியிலே சிமெண்டு போடாமல் மணலும் பொடிக்கல்லும் இட்டால்தான் இடுக்கு வழியே நீர் இறங்கும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

சிமெண்டுத் தளத்துக்கு ஆதரவாகவும் நேர்மையான ஒரு வாதம் உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால், நெல்லைக் காயவைக்கக் கெட்டியான தளம் இல்லாதவர் சாலையைத்தான் நாடவேண்டியிருக்கிறது. ஆகவே களம் வேண்டியதே. ஆனால் களத்துக்கு ஏற்ற இடம் வீட்டின் முகப்பன்று. வீட்டை விட்டு விலகி, வாட்டத்தோடு தனியே அமைந்த களமே சிறந்தது. பல ஊர்களில் பழைய வீடுகள் தெருவில் தொடங்கிக் கொல்லைத் தெருவரை நீண்டிருக்கும். மாடும் வண்டியும் கொல்லை வழியாகவே வந்துபோகும். அந்த வழி இன்றும் திறந்திருந்தால், வாசலில் வண்டிப்பாதையே வேண்டியதில்லை என்றும் முடிவு செய்யலாம்!

படிக்கு நேரே சிறிதளவு மண்தரையை விட்டுவைப்பதும் நன்று. சாணம் தெளித்துக் கோலமிடுவதற்கு மண்ணைப் போன்ற இடம் வேறில்லை. மார்கழியில் சாண உருண்டையில் பூசணிப்பூ வைப்பதற்கும் அதுவே உரியது.

மாணவர்களே, விடுமுறையில் பாட்டனார் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வாசலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். முன்பு எத்தனை இருந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். குறைந்துபோன படிகள் எதனடியில் புதைந்து கிடக்கின்றன என்று ஆராயுங்கள். மழை வந்தால் குடையோடு வெளியே நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பார்த்ததைத் தாளில் வரைந்து, வீட்டைப் புதுப்பிக்கும் பெரியவர்களிடம் கொடுங்கள். சிமெண்டு மூட்டை வந்து இறங்குமுன் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கட்டும்.