நெல் வயலில் கொசு உற்பத்தி: தடுப்பது விவசாயி கையில்

குளம் பெருகிப் பிசான நடவு நடந்தால்தான் சங்கரன்கோவிலை அடுத்த ராயகிரி போன்ற ஊர்களில் விவசாயிக்கு நிம்மதி. ஆனால் வயலில் தேங்கும் அதே தண்ணீரில் கொசுவும் பெருகுகிறது. இது டெங்கு பரப்பும் வீட்டுக் கொசு அல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசு.

இந்நோய் இந்தியாவில் முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூர் பகுதியில். கிருமி தங்குவது பன்றியிலும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும். அவற்றைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் நோய் தொற்றும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேராகத் தொற்றாது. கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. நோய் முற்றினாலோ பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் இறக்கக்கூடும். பிழைத்தவர் பலருக்கு கை கால் முடக்கமோ மூளைக் கோளாறோ தங்கிவிடும். பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் குழந்தைகளே.

யூரியாவும் கொசுவும்

மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் நெல் வயல்களில் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். யூரியா அளவு கூடக் கூட விளைச்சலோடு கொசுப்புழுவும் கூடியது. தொழு உரமும் பசுந்தாள் உரமும் இட்ட வயல்களில் புழு குறைவாக இருந்தது. ஆகவே தழைச்சத்தைத் தேவைக்கு மேல் கொட்டுவதில் பயனில்லை. இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் பிரித்து இடுவதே சிக்கனம்.

வேப்பம் புண்ணாக்குத் தூளை யூரியாவுடன் கலந்து இட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டபோது கொசுப்புழு வெகுவாகக் குறைந்ததையும் அம்மையம் கண்டது. இப்போது கடைகளில் கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவில் எண்ணெயின் அளவு மிகச் சொற்பம். கொசுவுக்கு அதை நம்ப வேண்டாம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் வயல் ஒருமுறை வற்றினால் புழு மடியும். நட்ட பயிர் வேர் பிடிக்கும்வரை மெல்லிய அளவில் நீர் நிறுத்த வேண்டும். பிறகு, கட்டிய நீர் மறைந்த பின் இரண்டு அங்குல உயரத்துக்கு மறுபடி நீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காய விடக் கூடாது. இம்முறையில் நீரும் மிச்சமாகும். குளத்து நீர் கூடுதல் நாள் வரும்.

ஒரு சிக்கல் உண்டு. வயலுக்கு வயல் வழிந்து பாயும் குளத்துப் பாசனத்தில் ஒருவர் மட்டும் காயப்போட்டுப் பயனில்லை; பக்கத்து வயலிலிருந்து கொசு வந்துவிடும். ஒரு மடையில் பாயும் விவசாயிகள் அனைவரும் கூடிப் பேசி, முறை வைத்து ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். வயலைச் சமப்படுத்துவதும் அவசியம். காலடிப் பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்கும் நீரிலும் புழு பிழைத்துக்கொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பன்றிக் கொட்டிலைக் குடியிருப்புக்குத் தள்ளி அமைக்க வேண்டும். மாலையிலும் இரவிலும் குழந்தைகளுக்குக் கொசுவலை தேவை. நோய் காணும் மாவட்டங்களில் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. தம் ஊர்க் குழந்தைகளுக்கு உண்டா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.